ஜப்பானில் உங்கள் தெருவோடு சேர்வது எப்படி? சோனாய்காய் (தெருச் சங்க) விழாக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலைக்காக ஜப்பான் வந்து ஐந்தாறு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் நம்மவர்கள் பலரிடம் ஃபூஜி மலைப் படம் இருக்கும், கியோத்தோ கோயில் படம் இருக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்திருக்காது. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். டோக்கியோவின் கிழக்கே எடோகாவா வார்டில் வீடு, இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி கசாய் பக்கம் என்பதால் துவரம்பருப்பிலிருந்து தீபாவளிக் கூட்டம் வரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. ஜப்பான் என்பது அலுவலகத்திலும் ரயிலிலும் மட்டும் இருந்தது.

அது மாறியது ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை காலையில். வீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பூங்காவில் நான்கைந்து பெரியவர்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் எழுபதுக்குக் குறைந்த வயது இருக்காது. கூடாரத்தின் ஒரு கால் நிமிராமல் மடங்கிக்கொண்டே இருந்தது. நான் போய் அந்தக் கம்பியைப் பிடித்தேன். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை, அடுத்த கம்பியைக் காட்டினார்கள். அன்று மதியம் கையில் ஒரு குளிர்ந்த பார்லித் தேநீர் பாட்டிலோடு வீடு திரும்பும்போது எனக்கு அந்தத் தெருவில் ஆறு பேரைத் தெரிந்திருந்தது.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு அனுபவத்திலிருந்து வருவதுதான். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஜப்பான் ஒன்று உண்டு, அதை யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாம். தெருக்காரர்கள் தங்களுக்காகவே நடத்திக்கொள்கிற ஜப்பான் இன்னொன்று. அதற்குள் நுழைகிற வழி வேலைதான்: கூடாரம் கட்டுவது, நாற்காலி அடுக்குவது, முடிந்த பிறகு குப்பை பொறுக்குவது.

1. முதலில் உங்கள் சோனாய்காயைக் கண்டுபிடியுங்கள்

சோனாய்காய் என்பது ஒரு தெரு அல்லது பேட்டையின் குடியிருப்போர் சங்கம். சில இடங்களில், குறிப்பாக அடுக்ககங்களில், ஜிச்சிகாய் என்பார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் சங்கங்கள் இருக்கின்றன. குப்பை போடும் இடத்தைப் பராமரிப்பதிலிருந்து தெருவிளக்கு, நிலநடுக்கப் பயிற்சி, கோடைத் திருவிழா வரை இவர்கள் கையில்தான். நம் ஊரில் தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்: வீட்டுக்கு இவ்வளவு என்று சந்தா, அதற்குக் கணக்கு, வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம். என் தெருவில் மாதம் 300 யென், இடத்துக்கு இடம் மாறும்.

சேருவது கட்டாயமில்லை. சைத்தாமா மாகாணத்து அரசுக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில், உறுப்பினர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றமே 2005இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜப்பானியர்களிலேயே இதில் சேர விருப்பமில்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. போர்க்காலத்தில், 1940இல், இந்தச் சங்கங்களை அரசு தன் கைக்குள் கொண்டுவந்து ரேஷனுக்கும் கண்காணிப்புக்கும் பயன்படுத்தியது. 1947இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் கலைக்கச் சொன்னது, 1952க்குப் பிறகு மறுபடி வெளிப்படையாக முளைத்தன. அந்தக் கசப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதோடு இளைய குடும்பங்கள் வேலை, பிள்ளைகள் என்று ஒதுங்கிவிட, சங்கங்களில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் பெரியவர்கள். உங்கள் தோளும் கையும் அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது, தயங்காதீர்கள்.

கண்டுபிடிக்கும் வழி: வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலோ தெருமுனையிலோ கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை இருக்கும், அதன் மேலே சங்கத்தின் பெயர் எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள். இல்லையென்றால் அடுக்ககத்தின் மேலாளரிடமோ வீட்டுக்காரரிடமோ கேளுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் வார்டு அலுவலகம். வீடு மாறி 14 நாளுக்குள் முகவரி பதிய எப்படியும் போகத்தான் வேண்டும், அப்போதே "சோனாய்காயில் சேர விரும்புகிறேன்" என்று சொன்னால் எந்தச் சங்கம், யாரை அணுக வேண்டும் என்று வழி காட்டுவார்கள்.

அறிவிப்புத் தாளில் நாலு சொல் தெரிந்தால் போதும். "சான்கா முர்யோ" என்றால் பங்கேற்பு இலவசம். "மோச்சிமோனோ" என்றால் கொண்டுவர வேண்டிய பொருள்கள். "உதென் சூஷி" என்றால் மழை வந்தால் ரத்து, "உதென் ஜுன்என்" என்றால் மழை வந்தால் தள்ளிவைப்பு. கடைசி இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு ஈர மைதானத்தில் தனியாக நின்றிருக்கிறேன்.

2. அறிமுகம்: துண்டும் இரண்டு வாக்கியமும்

புது வீட்டுக்கு வந்தால் எதிரே மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொரு வீடு என்று போய் அறிமுகம் செய்துகொள்வது இங்கே பழைய வழக்கம். பெருநகரத்தில் இப்போது குறைந்துவிட்டது, ஆனாலும் செய்தால் மறக்கமாட்டார்கள். 500 யென் அளவில் ஒரு கைத்துண்டோ பிஸ்கட் பெட்டியோ போதும். நம் ஊர் இனிப்பைக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் முதல் சந்திப்பில் வேண்டாம், தித்திப்பு அவர்களுக்கு மிக அதிகம், அதில் என்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. பழகின பிறகு முறுக்கு கொடுங்கள், அரிசி மாவுப் பண்டம் அவர்களுக்கும் சொந்தம், அது போகிற வேகமே வேறு.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: வீட்டு எண், உங்கள் பெயர், பிறகு "யோரோஷிகு ஒனேகாய்ஷிமாஸ்". இந்தச் சொல்லுக்கு இடத்துக்கு ஒரு பொருள். இங்கே "இனி உங்கள் தயவு வேண்டும்" என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைக் குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். சங்கத் தலைவரை "காய்ச்சோ" என்று பதவிப் பெயரிலேயே கூப்பிடலாம், நம் ஊரில் "தலைவரே" என்பது போல.

சேர்ந்ததும் உங்கள் வீட்டுக்குக் காய்ரன்பான் வர ஆரம்பிக்கும். அட்டையில் செருகிய அறிவிப்புத் தாள்கள், வீடு வீடாகச் சுற்றிவரும். பார்த்துவிட்டு முத்திரையோ கையெழுத்தோ போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் மறுநாள். தேங்க விட்டால் பத்து வீட்டுக்குச் செய்தி தாமதமாகும். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடுத்துக்கொண்டு உடனே தள்ளிவிடுங்கள். இதைக் கொடுக்கப் போகும் அந்த அரை நிமிடம்தான் பக்கத்து வீட்டாரோடு பேசக் கிடைக்கும் நல்ல சாக்கு, கதவில் மாட்டிவிட்டு ஓடாமல் மணி அடித்துக் கொடுங்கள்.

3. துப்புரவும் காலை உடற்பயிற்சியும்

எல்லோரும் நேரே பெரிய திருவிழாவுக்குப் போகத்தான் ஆசைப்படுவார்கள். நான் சொல்வது, முதலில் துப்புரவு நாளுக்குப் போங்கள். மே 30ஐ "கோமி ஸீரோ" நாள் என்பார்கள். 5, 3, 0 என்ற எண்களை கோ, மி, ஸீரோ என்று வாசித்தால் "குப்பை பூஜ்யம்" என்று பொருள் வரும். 1975இல் தோயோஹாஷி நகரத்தில் ஆரம்பித்த பழக்கம். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் பல தெருக்களில் துப்புரவு நடக்கும். காலை ஒரு மணி நேரம், கையுறையும் பையும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். பேச மொழி தேவையில்லை. உங்கள் முகம் எல்லோருக்கும் பதிந்துவிடும்.

அடுத்தது ராஜியோ தாய்ஸோ, வானொலி உடற்பயிற்சி. 1928இல் தொடங்கியது, இப்போதுள்ள முதல் தொகுப்பு 1951இல் வந்தது. தினமும் காலை 6:30க்கு என்எச்கே வானொலியில் பியானோ ஒலிக்க, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பூங்காவுக்கு வருவார்கள், வந்த நாளுக்கு ஒரு முத்திரை. கடைசி நாளில் பென்சிலோ தின்பண்டமோ பரிசு. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் இதை விடவே விடாதீர்கள். பள்ளியில் கிடைக்காத சிநேகிதம் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. அசைவுகள் தெரியாதே என்றால், உங்களுக்கு முன்னால் நிற்கும் பாட்டியைப் பார்த்து அப்படியே செய்யுங்கள், அறுபது எழுபது வருடமாகச் செய்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

4. பொன் ஒடோரி: வட்டத்துக்குள் கால் வைப்பது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒபொன் என்பது முன்னோர்கள் வீடு வந்து போகும் நாள்கள். டோக்கியோவின் பழைய பேட்டைகளில் ஜூலை 13 முதல் 16 வரை, நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. நம் ஆடி அமாவாசை ஏறக்குறைய இதே காலத்தில்தான் வருகிறது. பிதுர்களை நினைக்கும் நாள் என்பதால் நமக்கு உள்ளுக்குள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் இறந்துபோன தன் தாயைத் துன்பத்திலிருந்து மீட்ட மகிழ்ச்சியில் ஆடியதே பொன் ஒடோரி என்ற இந்த ஆட்டம் என்று கதை. பூங்காவின் நடுவில் யகுரா என்ற மர மேடை, சுற்றிலும் விளக்குக் கூடுகள், மேலே பெரிய முரசு, கீழே தெருவே வட்டமாகச் சுற்றி ஆடும். தெருவின் பொன் ஒடோரி 13 முதல் 16க்குள்தான் நடக்கும் என்றில்லை, ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய ஏதாவது ஒரு வார இறுதியில் வைத்துக்கொள்வார்கள், மாலை ஆறிலிருந்து ஒன்பது மணி வாக்கில்.

கும்மி அடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஒரே சில அசைவுகள், திரும்பத் திரும்ப, வட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். பாட்டு மாறினால் அசைவு மாறும். அநேகமாக எல்லா இடத்திலும் வரும் இரண்டு பாட்டு உண்டு: 1933இல் வந்த டோக்கியோ ஒந்தோ, இன்னொன்று தான்கோ புஷி. இரண்டாவது ஃபுகுஒக்கா மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டு, அசைவிலேயே அவர்கள் வேலை இருக்கிறது. மண்வெட்டியால் தோண்டுவது போல வலப்பக்கம் இரண்டு முறை, இடப்பக்கம் இரண்டு முறை. வெட்டிய கரியை வலத் தோளுக்குப் பின்னால் போடுங்கள், பிறகு இடத் தோளுக்கு. ஒரு கையை நெற்றிக்கு மேல் குடையாக வைத்துப் பின்னோக்கி ஒரு அடி, கை மாற்றி இன்னொரு அடி. பிறகு இரு கையாலும் வண்டியைத் தள்ளுங்கள், தள்ளுங்கள், கையை இரு பக்கமும் விரியுங்கள், கைதட்டு. அவ்வளவுதான். மூன்று சுற்று போனால் உடம்பே பிடித்துக்கொள்ளும். நம் பக்கம் நாற்று நடும் அசைவும் உலக்கை குத்தும் அசைவும் ஆட்டமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே மனசுதான்.

எங்கே நிற்பது? மேடைக்கு அருகே ஒரே மாதிரி யுகாதா (கோடைக்கால கிமோனோ) போட்டு ஆடுபவர்கள் சங்கத்தின் நடனக் குழு, நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு வெளியே உள்ள வட்டத்தில், கைவீச்சு தெளிவாக இருக்கும் ஒருவருக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். நடுவில் நுழைந்தாலும் வெளியேறினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்று மட்டும் தவிருங்கள், வட்டத்துக்குள் நின்றுகொண்டு படம் எடுக்காதீர்கள், ஓட்டம் அறுந்துவிடும். பிள்ளைகளைப் படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுகாதா கட்டாயமில்லை, சுடிதாரோ வேட்டியோ எதுவும் சரி. கட்டினால் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: உங்கள் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும், ஆணோ பெண்ணோ. வலப்பக்கம் மேலே வந்தால் அது சவத்துக்கு உடுத்தும் முறை. என் மனைவி முதல் வருடம் புடவைப் பழக்கத்தில் மாற்றிக் கட்டிக்கொண்டு போக, முன்பின் தெரியாத ஒரு பாட்டி வேகமாக வந்து கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், அவிழ்த்து, சரியாக மடித்து, இடுப்புப் பட்டையை இறுக்கி, முதுகில் இரண்டு தட்டு தட்டி அனுப்பினார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அந்தப் பாட்டி வீட்டிலிருந்து இன்றும் குளிர்காலத்தில் எங்களுக்கு முள்ளங்கி வருகிறது.

ஊர் ஊராகப் போய் ஆட ஆசை வந்தால், கிஃபு மாகாணத்து குஜோ ஹாச்சிமான் ஊரில் கோடை முழுக்க முப்பது இரவுக்கு மேல் ஆட்டம் நடக்கும், ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய. வெளியூர்க்காரர்களும் நேரே வட்டத்துக்குள் போகலாம். 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கு முன் உங்கள் தெருவில் ஆடிவிட்டுப் போங்கள்.

5. என்ன சாப்பிடலாம்

சைவக்காரர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது நன்றாகப் படியுங்கள். விழாக் கடைகளில் யாகிசோபா என்ற வறுத்த நூடுல்ஸில் பன்றி இறைச்சி, தகோயாகி என்ற மாவு உருண்டையில் ஆக்டோபஸ், வெறும் காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு. ஜப்பானிய கறி சாதத்தின் மசாலாக் கட்டியில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும், காய்கறி மட்டும் போட்டாலும் அது சைவம் ஆகாது. "நிகு ஹைட்டே இமாஸ்கா?" (இறைச்சி சேர்ந்திருக்கிறதா?) என்று கேட்டால் இறைச்சித் துண்டு இருக்கிறதா என்றுதான் பலர் புரிந்துகொள்வார்கள். மீன், ஹாம், மேலே தூவும் கட்சுஒபுஷி மீன் சீவல் இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். தைரியமாக வாங்கக் கூடியவை: இனிப்புப் பாகு ஊற்றிய பனிச்சீவல், பஞ்சுமிட்டாய், வெண்ணெய் வைத்த வேக வைத்த உருளைக்கிழங்கு. சுட்ட சோளத்தில் பூசுவது சோயா சாஸ் மட்டும்தானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வேலை செய்தவர்களுக்கு மதியம் பெட்டிச் சோறு தருவார்கள். முன்கூட்டியே "மீனும் இறைச்சியும் சாப்பிடமாட்டேன், எனக்கு வேண்டாம், நானே கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். விழா முடிந்ததும் பீர் ஊற்றுவார்கள். குடிக்காதவர்கள் "நோமேமாசென்" என்று சொல்லி ஊலோங் தேநீரை எடுத்துக்கொள்ளலாம், யாரும் வற்புறுத்தினால் சிரித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னால் போதும். ஆனால் அடுத்தவர் கோப்பை காலியானால் நீங்கள் ஊற்றுங்கள், அதற்கு நீங்கள் குடிக்க வேண்டும் என்றில்லை.

6. மிகோஷி: சாமி தூக்குவது

பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். மிகோஷி என்பது தெய்வம் ஏறிவரும் பல்லக்கு. வருடத்தில் ஒருமுறை கோயிலை விட்டு இறங்கித் தன் பேட்டையைச் சுற்றிவரும். நம் உற்சவர் ஆடி அசைந்து வருவார், இங்கே "வாஸ்ஷோய் வாஸ்ஷோய்", சில இடத்தில் "ஸோயா", என்ற கூச்சலோடு மேலும் கீழும் குலுக்கிக்கொண்டே போவார்கள். குலுக்கக் குலுக்கத் தெய்வத்தின் சக்தி பெருகும் என்று நம்பிக்கை.

அசகுசாவின் சன்ஜா மட்சுரி மே மாதம் மூன்றாவது வார இறுதியில் வரும், 44 பேட்டைகளின் சங்கங்கள் ஏறத்தாழ நூறு மிகோஷிகளைக் கொண்டுவரும். போய்ப் பாருங்கள், பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே போய்த் தோள் கொடுக்க நினைக்காதீர்கள், அந்தந்தப் பேட்டையின் ஹன்டென் மேலங்கி போட்டவர்தான் தூக்கலாம். உங்கள் தெருவின் சின்ன மிகோஷியில் இடம் கிடைப்பது சுலபம். இரண்டு மாதம் முன்பே "தூக்க வருகிறேன்" என்று சொல்லுங்கள், ஹன்டென் அளவு கேட்பார்கள், இரவல் தருவார்கள். துவைத்துத் தருவதா, அப்படியே தருவதா என்று கேட்டுத் திருப்புங்கள்.

தூக்கும்போது கவனிக்க வேண்டியவை. உங்கள் உயரத்துக்கு ஒத்தவர் அருகில் நில்லுங்கள். உயரமானவர் தோளில்தான் மொத்தப் பாரமும் இறங்கும், குள்ளமானவர் சும்மா கை வைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். கம்பை எலும்பில் வைக்காமல் கழுத்துக்கு அருகே சதையில் வையுங்கள், ஒரு சின்னத் துண்டை மடித்து உள்ளே வைத்தால் நல்லது. முன்னால் போகிறவரின் காலோடு உங்கள் காலைச் சேருங்கள், பாரம் பாதியாகும். மூச்சு வாங்கினால் பக்கத்தில் நடப்பவருக்குத் தலையசைத்து இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள், சட்டென்று தோளை எடுக்கக் கூடாது. பார்வையாளராக இருந்தால் மாடியிலிருந்து மிகோஷியைக் கீழ்நோக்கிப் பார்க்காதீர்கள், சாமியைத் தலைக்கு மேலிருந்து பார்ப்பது தப்பு என்பார்கள். வீட்டில் துக்கம் நடந்திருந்தால் தூக்கமாட்டார்கள். தீட்டு என்று விளக்கவே வேண்டியதில்லை நமக்கு.

விழாவுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள் பெயரைத் தொகையோடு எழுதி பலகையில் வரிசையாக ஒட்டியிருப்பார்கள். 1,000 யென் கொடுத்தாலும் பெயர் வரும். உறையின் மேல் பெயரை எழுதி மேசையில் இருப்பவரிடம் இரு கையால் கொடுங்கள். கதகானா எழுத்தில் என் பெயரை அந்தப் பலகையில் பார்த்தபோது எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ட்யூப்லைட் முழுக்க உபயதாரர் பெயர் எழுதியிருப்பதுதான் ஞாபகம் வந்தது.

வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் இதில் கலந்துகொள்ளத் தயங்கலாம், அது உங்கள் விருப்பம். தெய்வத்தின் முன் சடங்கு நடக்கும்போது ஓரமாக நின்றுவிட்டு, தண்ணீர் கொடுக்கும் வேலையையோ சாலையில் வண்டிகளை நிறுத்தும் வேலையையோ எடுத்துக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

7. செப்டம்பரும் நவம்பரும்

1923 பெருநிலநடுக்கத்தின் நினைவாக செப்டம்பர் 1 பேரிடர்த் தடுப்பு நாள். அதை ஒட்டி நடக்கும் பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள், கலாசாரத்துக்காகவும் உயிருக்காகவும். நிலநடுக்கத்தைப் போலவே ஆட்டிக்காட்டும் வண்டி வரும், தண்ணீர் நிரப்பிய தீயணைப்பானை அழுத்திப் பழகலாம், வெந்நீர் ஊற்றினால் 15 நிமிடத்தில் சோறாகும் பாக்கெட் அரிசி தருவார்கள். உங்கள் தெருவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் தஞ்சமிடம் என்பதை அன்று தெரிந்துகொள்ளுங்கள்.

நவம்பர் 3 கலாசார நாள் வாக்கில் கோமின்கான் என்ற பொதுமன்றங்களில் (உங்கள் வார்டில் வேறு பெயரில் இருக்கலாம்) உள்ளூர்க் குழுக்களின் கண்காட்சி நடக்கும்: மலர் அலங்காரம், தூரிகை எழுத்து, தேநீர்ச் சடங்கு. தேநீருக்கு சுற்றுலாக் கடைகளில் ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள், இங்கே சில நூறு யென்னுக்கு இனிப்போடு கிடைக்கும், அதுவும் நாற்காலி போட்டு. இனிப்பை முழுதாக முதலில் சாப்பிட்டுவிடுங்கள். கிண்ணத்தை இடக்கையில் வைத்து, வலக்கையால் கடிகார திசையில் இரண்டு முறை திருப்பி, முகப்பை விலக்கிக் குடியுங்கள், கடைசி வாயைச் சத்தமாக உறிஞ்சலாம். பிடித்திருந்தால் அங்கேயே குழுவில் சேர முடியுமா என்று கேளுங்கள்.

8. மோச்சி இடிப்பது

மோச்சி என்பது வெந்த பசையரிசியை இடித்துச் செய்யும் பண்டம். இடிக்கும் நாள் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும். டிசம்பர் 29ஆம் தேதியைத் தவிர்ப்பார்கள், ஒன்பதின் உச்சரிப்பான "கு" துன்பத்துக்கும் சொல் என்பதால்.

இரவு முழுக்க ஊறிய பசையரிசியை அடுக்கு மரப்பெட்டிகளில் ஆவியில் வேக வைப்பார்கள். ஆவி பறக்க அதை உரலில் கொட்டியதும், அடிக்கும் முன் உலக்கையை ஊன்றி உடம்பு பாரத்தால் நசுக்கிக்கொண்டே உரலைச் சுற்றிவர வேண்டும், மணி உடைந்து சேரும் வரை. இங்கே உலக்கை நம்முடையது போல நேரானதில்லை, சுத்தியல் மாதிரி பிடிக்குக் குறுக்கே தலை இருக்கும். தூக்கி, அதன் பாரத்திலேயே விழ விடுங்கள், பலம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் குந்தியிருப்பவர் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஈரக்கையால் மாவைப் புரட்டிவிடுவார். "யோய்ஷோ" என்று எல்லோரும் சொல்வது வெறும் உற்சாகத்துக்கு இல்லை, அவர் கை எப்போது உள்ளே, உங்கள் உலக்கை எப்போது உள்ளே என்பதற்கான தாளம் அது. தாளம் தவறுகிறது என்று தோன்றினால் உலக்கையை மேலேயே நிறுத்திவிடுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு உரலின் விளிம்பில் அடிப்பது. மரச்சில்லு பெயர்ந்து மாவுக்குள் போய்விடும், பிறகு நாலு பேர் உட்கார்ந்து பொறுக்க வேண்டும்.

சுடச்சுடப் பிய்த்து, வறுத்த சோயா மாவான கினாக்கோவில் புரட்டித் தருவார்கள், வாசனை நம் பொட்டுக்கடலை மாவுக்கு அக்கா தங்கை. சிவப்புப் பயறுப் பூரணம் வைத்ததும் சைவம்தான். சின்னத் துண்டாகக் கடித்து மென்று தின்னுங்கள், குழந்தைகளுக்கு இன்னும் சின்னதாக. வருடாவருடம் முதியவர்கள் தொண்டையில் அடைத்து இறந்துபோகிறார்கள், தீயணைப்புத் துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் பயத்தால் சில சங்கங்கள் இடித்ததை அலங்காரத்துக்கு வைத்துவிட்டு, கடையில் வாங்கியதைத் தின்னத் தருகின்றன. ஏமாற்றமாக இருக்கும், என்ன செய்வது.

9. டிசம்பர் கடைசி இரவுகள்

இதற்கு அறிவிப்புப் பலகையில் படம்கூட இருக்காது, காய்ரன்பானில் ஒரு வரி வரும். வருடக் கடைசி இரவுகளில் ஏழெட்டுப் பேர் கூடி, "ஹி நோ யோஜின்", நெருப்பு ஜாக்கிரதை, என்று கூவிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்கள். ஒருவர் கழுத்தில் கயிற்றில் தொங்கும் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவார்: கூவலுக்குப் பின் இரண்டு தட்டு. குளிர் எலும்புக்குள் போகும். மரவீடுகள் நெருக்கமாக இருந்த காலத்தில் ஒரு பொறியில் பேட்டையே போயிருக்கிறது, அந்தப் பயத்தின் மிச்சம் இது. மூன்றாம் வருடம் என் கையில் அந்தக் கட்டைகளைக் கொடுத்தார்கள். கையுறையோடு தட்டினால் சத்தம் மங்கும், கழற்றிவிட்டுத் தட்டுங்கள். கட்டைகளை முழுசாக மோதாமல் ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் அந்தக் கணீர் என்ற ஒலி வரும். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு குழந்தை சன்னலைத் திறந்து எங்களோடு சேர்ந்து கூவியது. முடிந்ததும் சங்க அறையில் இனிப்புப் பயறுக் கஞ்சி இருக்கும், அதிலும் மீன் கிடையாது.

10. உங்கள் முறை வரும்

சில வருடத்தில், பெரும்பாலும் ஏப்ரலில், சுழற்சி முறையில் ஹன்ச்சோ பொறுப்பு வரும்: பத்துப் பதினைந்து வீட்டுக்குப் பொறுப்பாளர். சந்தா வாங்குவது, காய்ரன்பானைத் தொடங்கி வைப்பது, விழா நாளில் ஆள் சேர்ப்பது. மொழி வராது என்று மறுத்துவிடாதீர்கள், போன வருட ஹன்ச்சோவிடம் "தெரியாததைக் கேட்கிறேன், சொல்லித்தாருங்கள்" என்றால் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டுவார். சந்தா வாங்கப் போகும்போது சில்லறையும் ரசீதுப் புத்தகமும் எடுத்துக்கொள்ளுங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல், இரவு எட்டுக்குள் போங்கள். பட்டியலில் புதிதாக ஒரு நேபாளி வீடோ வியட்நாம் வீடோ தமிழ் வீடோ இருந்தால் தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு வராமல் மணி அடியுங்கள். பூங்காவில் கூடாரம் போடும் நாளையும் நேரத்தையும் அவர்களுக்கு எண்ணில் எழுதிக் கொடுங்கள்.